பெனலோப்பி என்றால் காத்திருந்தவள்

முதன்முதலாக ஒலிவ்காயைக் கடித்துவிட்டு நான் துப்பியது சுவிஸ் மலைப்பள்ளத்தாக்கான எங்கடினில், தொண்ணூறுகளின் நடுவில், ஒரு ஹோட்டலின் மேல்மாடி அறையில். அப்படி ஒரு கைப்பு... கொண்டுவந்த ஸ்டெலியோஸ் விழுந்து விழுந்து சிரித்தார். கிரேக்கர். என் கணவரோடு அந்த ஹோட்டல் குசினியில் சமையல் வேலை.

நான் வந்து இறங்கி ஒரு கிழமைதான். கலியாணம் முடிந்த கையோடு இவர் சுவிஸுக்குப் புறப்பட்டார். விசா கிடைக்கும்வரை ஆறு வருடம் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் கிடந்தேன். பொலிஸ் செக்கிங், பக்கத்து அறை ஆண்களின் பார்வை... எல்லாம் தனியே.

ஸ்டெலியோஸ் என்னைப் பார்த்து ‘பெனலோப்பி’ என்றார். டொச் என்கிற ஜேர்மன் மொழி எனக்கு அப்போது தெரியாது. இவர்தான் தமிழில் சொன்னார்.

“அவையின்ர பழங்கதையில வாற ராணியாம். புருசன் சண்டைக்குப் போய் இருபது வருசம் வரேல்லையாம். வேற ஆக்கள் வந்து தங்களைக் கட்டச் சொல்லிக் கரைச்சல் குடுக்க, இந்தத் துணியை நெய்து முடிச்சிட்டுச் சொல்லுறன் எண்டவாவாம். பகல்ல நெய்யிறது, இரவில பிரிக்கிறது. பேரிலயே நூல் இருக்குதாம்.”

“அவ்வளவு காலமும் புருசன் எங்க நிண்டவராம்?”

ஸ்டெலியோஸ் நீளமாக ஏதோ சொன்னார்.

“கடல்ல அம்பிட்டிட்டாராம்” என்றார் இவர், அவ்வளவுதான்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் காத்துக் கிடந்ததற்கும் ஒரு மரியாதை இருக்கிறதே என்று.

அடுத்த வருடம் மகள் பிறந்தபோது அந்தப் பெயரைத்தான் வைத்தோம். மாமி போனில், “இதென்ன பேர், வாயுக்க நுழையாது” என்று சண்டை. நான்தான் பிடிவாதமாக நின்றேன்.

பன்னிரண்டு வயதில் அவள் பள்ளிக்கூடத்தில் அந்தக் கதையைப் படித்துவிட்டு வந்தாள். சாப்பாட்டு மேசையில், “அம்மா, அந்த ராசா ஏழு வருசம் ஒரு தீவில வேற பொம்பிளையோட இருந்தவர். தெரியுமோ?” என்றாள்.

இவர் இடியப்பம் பிசைவதை நிறுத்திவிட்டார்.

“ஸ்டெலியோஸ் அண்டைக்கு இதையும் சொன்னவரோ?” என்று இவரைக் கேட்டேன்.

“ஓம்... சொன்னவர்.”

“ஏன் எனக்குச் சொல்லேல்ல?”

கை கழுவ எழுந்து போனார். பிறகு கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வந்தது. எங்கடினில் ஒரு பெண். நான் லொட்ஜில் கிடந்த காலம் முழுக்க. குசினியில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

அந்த நாட்களில் இவர் சொல்வதுதான் எனக்கு உலகம். இப்போது டொச்சில் சண்டை பிடிக்கும் அளவுக்குத் தேறிவிட்டேன். வீட்டில்தான் கதைக்க ஒன்றும் இல்லை.

அந்தப் பெண்ணைக்கூட மன்னித்துவிட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் வரும்போது, சாப்பிட வா என்று அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்... நான் ஏமாந்த கதையை ஒவ்வொரு முறையும் நானே உரத்துச் சொல்கிறேன்.