இரண்டு கையிலும் பிரஷர் பார்த்த நாள்

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டின் முதலுதவி அறையில் நான் நர்ஸ். ஒருநாள் காலை பத்து மணிக்கு டிரெய்லர் டிரைவர் கபீர் பாயை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். வியர்வையில் சட்டை நனைந்திருந்தது.

“வாயுதான்பா. முதுவுல ரெண்டு மிதி மிதிச்சா சரியாப் பூடும்,” என்றார் கூட வந்த சூப்பர்வைசர் ஏழுமலை. இங்கே எந்தப் பிடிப்புக்கும் அதுதான் வைத்தியம்.

மிதிக்க விடாமல் பாயைப் படுக்க வைத்தேன்.

“வலி எப்படி வந்துச்சு பாய்? மெதுவாவா, சட்டுனா?”

“கன்டெய்னருக்கு லாக் போட்டுகினு இருந்தேன் நைனா. சட்டுனு நெஞ்சுல துணி கிழிச்சாப்ல. இப்போ முதுவுக்குப் போய்கினு கீது.”

மாரடைப்பு வலி பெரும்பாலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். இது முதல் நொடியிலேயே உச்சத்தில் இருந்தது. இசிஜியில் பெரிதாக ஒன்றும் இல்லை. வலது கையில் பிரஷர் 190. பட்டையைக் கழற்றி இடது கையில் சுற்றினேன்.

“ஒரு கை பத்தாதா? இந்தக் கைக்கு இன்னா, வளையலா போடப் போற?” என்றார் ஏழுமலை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இப்படி வலி வந்தால் இரண்டு கையிலும் பார் என்று பாடத்தில் படித்த வரியைத் தாண்டிப் போக மனசு வராது. இடது கையில் 140.

இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் மகாதமனி. அதன் உள்சுவர் கிழிந்தால் ஒரு கைக்குப் போகும் ரத்தம் குறையலாம். மாரடைப்புக்கென்று எடுத்து வைத்த, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை மேசையில் இருந்தது. கம்பெனி டாக்டருக்கு போன் செய்து இரண்டு எண்களையும் சொன்னேன்.

“அந்த மாத்திரையக் கொடுத்துடாத, கிழிசலா இருந்தா ரத்தக்கசிவு கூடிடும். சிடி ஸ்கேனும் நெஞ்சு ஆபரேஷனும் உள்ள ஆஸ்பத்திரிக்கு நேராப் போ. நான் அங்க சொல்லி வைக்கிறேன்.”

ஸ்கேனில் கிழிசல் தெரிந்தது. அன்றே ஆபரேஷன். பாய் பிழைத்தார்.

இந்தக் கிழிசலுக்குப் பெரும்பாலும் காரணம் அடங்காத பிரஷர். ஆனால் யார்டுக்குள் வர கேட் பாஸ் வாங்கும் அவருடைய ஃபிட்னஸ் படிவத்தில் ‘பிரஷர் நார்மல்’ என்று எழுதியவன் நான்தான். அப்போது மட்டும் எப்படி நார்மல் என்று தேறி வந்தவரிடம் கேட்டேன்.

“கேட் பாஸ் செக்கப்புக்கு ஒரு வாரம் முன்னாடிதான் பிரஷர் மாத்திர போடுவேன், அப்பால நிறுத்திடுவேன். எல்லா டிரைவரும் அப்படித்தான் நைனா.”

இப்போதெல்லாம் டிரைவர்களுக்கு முன்னறிவிப்பில்லாமல் பிரஷர் பார்க்கிறேன். முதலுதவி அறைக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கிழிப்பது போன்ற திடீர் வலி, அது முதுகுக்கு நகர்வது, மயக்கம், கை கால் மரத்துப்போவது, இதில் எது வந்தாலும் சந்தேகப்படுங்கள். இரண்டு கையிலும் எண் ஒன்றாக இருந்தாலும் விட்டுவிடாதீர்கள்.

போன வாரம் ஏழுமலை நெஞ்சைத் தடவிக்கொண்டு வந்தார். கடைசியில் வாயுதான். ஆனால் நான் கேட்பதற்கு முன்பே சட்டைக் கை இரண்டையும் மடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.