கயிற்றில் வராத எலி

இந்த ஊரில் இரும்பு நாரைப் பாத்திரம் தேய்க்க வாங்குவதில்லை, சுவரில் திணிக்க வாங்குகிறார்கள். குளிர்காலம் நெருங்கினால் கடை முகப்பில் இரும்பு நார்ச் சுருள், எலிப்பொறி, பனி உருகப் பாதையில் தூவுகிற உப்பு மூட்டை எல்லாவற்றையும் குவித்துவைத்துவிடுவார்கள். உப்பை விலை கொடுத்து வாங்கித் தெருவில் கொட்டுவதைப் பார்த்தால் எந்தத் தூத்துக்குடிக்காரனுக்கும் சிரிப்பு வரும். எனக்கும் வந்தது, பிறகு பழகிவிட்டது. ஆனால் தலை நரைத்த வயதில் முழங்காலிட்டு, கரண்டிக் காம்பால் சுவர் ஓட்டைக்குள் இரும்பு நாரைக் குத்தி ஏற்றிக்கொண்டிருப்பேன் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், போடா பைத்தியக்காரா என்றிருப்பேன். கனடாவின் கிழக்குக் கரையில், ஒரு மீன் ஆலையை நம்பிப் பிழைக்கிற சின்னத் துறைமுக ஊர் இது. வீடுகள் எல்லாம் மரம். வெளியே தரை உறையத் தொடங்கியதும் சுண்டெலிகள் வீடுகளைத் தேடி வரும். சுண்டுவிரல் நுழைகிற சந்து அவற்றுக்குப் போதும்.

எலிக்குப் பயந்தவனல்ல நான். தூத்துக்குடி முத்தையாபுரத்தில் உப்பு லாரிகள் போகிற ரோட்டோரம் எங்கள் வாடகை வீடு. அங்கே எலி பகலிலேயே குறுக்கே ஓடும். என் தம்பி தூக்கத்தில் இருக்கும்போது அவன் கால்விரலைக் கடித்துவிட்டுப் போயிருக்கிறது. அதையெல்லாம் நினைத்து நான் உருகுவதும் இல்லை. நாற்றம் பிடித்த வீடு அது. கதவு எப்போதும் திறந்தே கிடக்கும், வருவது வரும், போவது போகும். எலியை வெளியே நிறுத்திவைக்க முடியும் என்கிற எண்ணமே அங்கே யாருக்கும் கிடையாது. இங்கே அதைச் செய்தே ஆக வேண்டும் என்று ஆனதற்குக் காரணம் என் மனைவி ஜெசிந்தா.

போன வருடம் அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்துவிட்டன. வயிற்றில் மெல்லிய குழாய் ஒன்றைப் பொருத்தி, அதன் வழியே மருந்து நீரை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து வெளியே எடுக்கிற டயாலிசிஸ் ஒன்று உண்டு. வீட்டிலேயே நாமே செய்துகொள்ளலாம். மருந்து நீர்ப் பைகள் மாதம் ஒருமுறை அட்டைப்பெட்டிகளில் வந்து இறங்கும். படுக்கையறை மட்டும் ஆபரேஷன் தியேட்டர் போலச் சுத்தமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குழாய் வழியாகக் கிருமி வயிற்றுக்குள் போய்விடும். இது சரிப்படவில்லை என்றால் வாரத்துக்கு மூன்று தடவை நகரத்து மருத்துவமனைக்குப் போய் இரத்தத்தைச் சுத்திகரிக்கிற இயந்திரத்தோடு கட்டுண்டு கிடக்க வேண்டும். காரில் மூன்று மணி நேரப் பயணம். பனிப்புயல் வந்தால் சாலையை மூடிவிடுவார்கள். அப்படியானால் வீட்டைப் பூட்டிவிட்டு நகரத்திலேயே போய்க் கிடக்க வேண்டியதுதான்.

"என்னைய அங்கன அனுப்பிராதீய," என்று ஜெசிந்தா முதல் நாளே சொல்லிவிட்டாள். "கல்யாணம் ஆனதுலேர்ந்து வாடகை வீடுதான். இப்பதான் சொந்தமா ஒரு கட்டிலப் போட்டுப் படுத்திருக்கேன். என்ன ஆனாலும் இந்தக் கட்டில்லயே ஆகட்டும்."

வாரம் ஒருமுறை ஷெர்லி என்ற நர்ஸ் வந்து பார்ப்பாள். நல்ல பெண்தான். டிசம்பர் தொடக்கத்தில் ஒருநாள் கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தவள் உடனே நிமிரவில்லை. கையுறை போட்ட விரலில் அரிசி அளவில் கறுப்பாக ஏதோ ஒன்றை எடுத்துக் காட்டினாள். எலிப்புழுக்கை. "இதைச் சரிசெய்ய வேண்டும். இல்லையென்றால் இந்த வீடு இந்தச் சிகிச்சைக்கு ஏற்றதல்ல என்று நான் சொல்ல வேண்டியிருக்கும்," என்றாள் மெதுவாக.

அந்த வாரம் இங்குள்ள தமிழர்கள் சிலர் கூடிய இடத்தில் இதைச் சொல்லிப் புலம்பினேன். படித்தவர் ஒருவர் சிரித்துக்கொண்டே, "அதுவும் நம்மளப் போலத்தானே, இருக்க ஒரு இடம் தேடி வந்த ஜீவன்," என்றார். எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த டீயை அவர் சட்டையில் ஊற்றியிருப்பேன். நான் விசா வாங்கி, பனியில் மீன் வெட்டி, வரி கட்டி வந்தவன். யார் வீட்டுக் கட்டிலுக்கடியிலும் புழுக்கை போடவில்லை. இந்த மாதிரி அழகான பேச்செல்லாம் வீட்டில் நோயாளி இல்லாதவர்களுக்குத்தான் வரும்.

நான் இங்கே வருவதற்கு முன்னால் கப்பலில் மேல்தளத்துக் கயிற்று வேலை பார்க்கிற டெக் ஆளாக இருந்தவன். வெளிநாட்டுக் கப்பல் துறைமுகத்தில் அணைந்ததும், கரையோடு கட்டிய ஒவ்வொரு கயிற்றிலும் பெரிய வட்டத் தகடு ஒன்றை மாட்ட வேண்டும். ராட் கார்டு என்போம். எலி கயிற்றில் ஏறி வந்தால் தகட்டைத் தாண்ட முடியாமல் திரும்பிவிடும். எங்கள் தூத்துக்குடிப் புதுத் துறைமுகத்திலும் சரி, நான் போன மற்ற ஊர்களிலும் சரி, அந்தத் தகடு சரிந்திருந்தால் அதிகாரிகள் கத்துவார்கள். அதனால் எலி என்றாலே என் புத்தி கயிற்றுக்குத்தான் போகும். இந்த வீட்டையும் ஒரு கப்பலாக நினைத்துக்கொண்டேன். இதைக் கரையோடு கட்டியிருக்கிற கயிறுகள் எவை? மின்சார வயர், ஹீட்டருக்கு எண்ணெய் வருகிற குழாய், டெலிபோன் கம்பி, சுவரைத் தொடுகிற மரக்கிளை. கிளையை வெட்டினேன். மற்றவற்றுக்கு, மின்சார வயரைக்கூட விடாமல், தகரத்தை வட்டமாக வெட்டி மாட்டினேன். மிச்சமிருந்த சந்துகளில் இரும்பு நார்.

பக்கத்து வீட்டுக் கென் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வெகுநேரம் பார்த்தார். "மிக அழகாக இருக்கிறது," என்றார். நானும் நன்றி சொன்னேன். மறுநாள் காலை பார்த்தால் மனிதர் ஏணி போட்டு, தன் வீட்டு மரத்திலிருந்து எங்கள் கூரைவரை வண்ண விளக்குச் சரம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறார். என் தகடுகளை அவர் கிறிஸ்துமஸ் அலங்காரம் என்று நினைத்திருக்கிறார். வீட்டில் நோயாளி இருந்தும் பண்டிகையை விடாத குடும்பம் என்று மனமிளகி உதவிக்கு வந்துவிட்டார். கண்ணில் நீரோடு நிற்கிற மனிதரிடம் எதைச் சொல்வது? எலிக்குப் புதிதாக ஒரு கயிறு கட்டிக் கொடுத்தவருக்கு ஒரு கோப்பை டீ கொடுத்து அனுப்பினேன். அவர் போனதும் அந்தச் சரத்துக்கும் ஒரு தகடு மாட்டினேன். ஜெசிந்தா ஜன்னல் வழியே பார்த்து, "நல்லாத்தான் இருக்கு, ஒரு ஸ்டாரும் கட்டிருங்க," என்றாள்.

அத்தனை செய்தும் எலி வந்தது. ஒரு பொறியில் செத்துக் கிடக்கும், அடுத்த நாள் அலமாரிக்குப் பின்னால் இன்னொன்று பிராண்டும். எந்த வழியாக வருகிறது என்றே தெரியவில்லை. சமையலறையில் ஜெசிந்தாவின் தங்கை ஊரிலிருந்து அனுப்பிய கருவாட்டையும் கருப்பட்டியையும் கண்ணாடிப் புட்டிகளில் அடைத்தேன், பிறகு மனசு கேட்காமல் எல்லாவற்றையும் குப்பையில் போட்டேன். ஷெர்லி அடுத்த முறை வந்தபோது கட்டிலுக்கடியில் பார்க்குமுன் என் முகத்தைப் பார்த்தாள். இன்னும் ஒரு வாரம் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த வாரத்தில் ஒரு காலை, வழக்கம்போல வீட்டை ஒட்டிய கராஜிலிருந்து ஒரு மருந்துப் பெட்டியைத் தூக்கிவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துப் பிரித்தேன். உள்ளிருந்து ஒரு சுண்டெலி துள்ளி விழுந்து அலமாரிக்கடியில் ஓடியது. பைகளைத் தூக்கிப் பார்த்தால், பெட்டியின் அடிப்பக்க அட்டையைப் பஞ்சு பஞ்சாகக் கிழித்துக் கூடு கட்டியிருக்கிறது. கண் திறக்காத குஞ்சுகள் உள்ளே நெளிந்துகொண்டிருந்தன. மருந்து நீர் உறைந்துவிடக் கூடாது என்று கராஜில் சிறிய ஹீட்டர் ஒன்று வைத்திருந்தேன். மாதச் சரக்கு முழுக்க அந்தச் சூட்டில்தான் இருந்தது. வீட்டை மட்டும் அடைத்தவன் கராஜைப் பற்றி யோசிக்கவே இல்லை. ஒவ்வொரு நாளும் எலியைப் பெட்டியோடு தூக்கிவந்து, அவள் தலைமாட்டில் இறக்கிவைத்தது நான்.

கப்பலில் கயிறு எங்கள் வேலை, சரக்கு வேறு ஆட்களின் வேலை. ஆனால் கப்பலுக்கு முன்னால், இருபது வயதில், பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்கு வெங்காயம் ஏற்றிப் போகிற தோணியில் நான் வேலை பார்த்திருக்கிறேன். தோணிக் கயிற்றில் யாரும் தகடு மாட்டியதில்லை. எலி மூட்டையோடு வரும், மூட்டையோடு போகும் என்று தோணியில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரிந்ததுதான். அது நினைவுக்கு வரவில்லை.

ஜெசிந்தா தலையணையில் சாய்ந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "இவ்வளவு நாளும் நீங்கதான் தூக்கிட்டு வந்து விட்டிருக்கிய," என்றாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். வயிற்றுக் குழாயைக் கையால் பிடித்துக்கொண்டு, வலிக்குது வலிக்குது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நோய் வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்ததை நான் பார்த்ததில்லை. நானும் சிரித்துவிட்டேன். அன்றே கராஜைக் காலி செய்து, மிச்சப் பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, பைகளைத் துடைத்து, பிளாஸ்டிக் டப்பாக்களில் அடுக்கினேன். எலி நின்றுவிட்டது. ஷெர்லி வந்து கட்டிலுக்கடியில் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினாள்.

அதற்குச் சில நாள் கழித்து ஜெசிந்தாவின் வயிற்றிலிருந்து வந்த நீர் கஞ்சித் தண்ணீர் போலக் கலங்கி இருந்தது. காய்ச்சல் தூக்கியடித்தது. நகரத்து மருத்துவமனையில் மருந்துகள் மாற்றி மாற்றிக் கொடுத்தும் கேட்கவில்லை. கடைசியில் குழாயை எடுத்துவிட்டார்கள். இனிமேல் வீட்டில் செய்ய முடியாது, இயந்திரம்தான் என்றார்கள். எலியாலா என்று கேட்டேன். தோலிலிருந்தும் வரலாம், கையிலிருந்தும் வரலாம், யாராலும் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். ஷெர்லி போனில் அழைத்து அதையே சொன்னாள். அவள் இரக்கப்பட்டுச் சொல்கிறாள் என்றே எனக்குத் தோன்றியது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஒரு வாடகை அறையில் இருக்கிறோம். சமைக்க ஒரு மூலை, ஒரு கட்டில், ஒரு ஜன்னல். தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்துவிடாமல் பார்க்க அவ்வப்போது நான் மட்டும் ஊருக்குப் போய்வருகிறேன். அந்த வீட்டில் இப்போது ஒரு சத்தம் கிடையாது. இரும்பு நாரும் தகடும் தங்கள் வேலையைச் சரியாகச் செய்கின்றன. போன தடவை ஜெசிந்தாவின் கட்டிலில் உட்கார மனம் வரவில்லை, நின்றபடியே எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அவள் தங்கை தூத்துக்குடிப் பக்கம் மாப்பிள்ளையூரணியிலிருந்து போன் செய்கிறபோதெல்லாம், "இங்கனயே அந்த மிஷின் இருக்குக்கா, வந்துருங்க," என்கிறாள். அவ்வளவு தூரம் பறக்க இப்போது உடம்பு தாங்காது என்கிறார்கள் மருத்துவர்கள். உடம்பு தேறினாலும், எங்கள் மகள் இந்த நாட்டிலேயே வேறு ஊரில் வேலையில் இருக்கிறாள், அவளை விட்டுவிட்டு எப்படி என்று ஜெசிந்தாவே கேட்கிறாள்.

இயந்திரத்திலிருந்து விடுவித்ததும் அங்குள்ள நர்ஸ்கள், "வீட்டுக்குப் பத்திரமாகப் போங்கள்," என்று சொல்லி அனுப்புவார்கள். முதல் வாரத்தில் ஜெசிந்தா என் பக்கம் திரும்பி, "எந்த வீட்டுக்குன்னு அந்தப் பிள்ளைட்ட கேளுங்க," என்று கண்ணடித்தாள். இப்போது கண்ணடிப்பதில்லை. நாலு மணி நேரம் இரத்தம் வெளியே போய்த் திரும்பி வந்த களைப்பில் அவளுக்குக் கொஞ்சம் தடுமாறுகிறது. நேற்று மழையும் பனியும் கலந்து விழுந்துகொண்டிருந்தது. கார் நிறுத்துமிடத்தில் என் கையைப் பிடித்தபடி நின்று, நிஜமாகவே தெரியாமல், "இப்ப எந்த வீட்டுக்குப் போறோம்?" என்று கேட்டாள்.

"ஏளா, வண்டியில ஏறு, நனையாத. போற வழியில சொல்லுதேன்," என்றேன்.