மொதலச்சு, ரெண்டாமச்சு

“பி டீச்சர், நம்ம டீச்சர் தவறிட்டாங்க...”

காலையில் வாட்ஸ்அப்பில் இந்த ஒரு வரி. அனுப்பியவள் செல்வி. விருத்தாசலத்தில் என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவள். என் கிளாஸ் பிள்ளை!

எந்த டீச்சர் என்று நான் கேட்கவே இல்லை. ஏ செக்‌ஷன் ஜமீலா டீச்சர். பிள்ளைகளுக்கு அவர்தான் டீச்சர். நான் பி டீச்சர்.

அழுதேன். அழும்போதே பொறாமையாகவும் இருந்தது... மறைக்க மனசு வரவில்லை.

ரெண்டாயிரத்து நாலு, ஐந்து இருக்கும். அவர் கிளாசுக்கும் என் கிளாசுக்கும் நடுவே ஒரு தட்டிதான். இந்தப் பக்கம் நான், “முதல் எழுத்து ஒன்றி வருவது மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை” என்று தொண்டை கிழியக் கத்துவேன். பிள்ளைகளும் திருப்பிக் கத்தும். மோனையைக் கேட்டால் எதுகையைச் சொல்லும்.

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

பாதிப் பிள்ளைகளின் வீட்டில் யாராவது செராமிக் வேலை. ஜமீலா டீச்சர், கம்பெனியில் கழித்துப்போட்ட ரெண்டு கப்பைக் கொண்டுவந்து மேஜையில் வைப்பார்.

“இது ரெண்டும் எப்படி ஒரே மாதிரி இருக்குது?”

“ஒரே அச்சு டீச்சர்!”

“அதேதான். கப்பு, களிமண்ணு... மொத எழுத்து ஒரே அச்சு. அது மோனை. கப்பு, உப்பு... ரெண்டாவது எழுத்து ஒரே அச்சு. அது எதுகை.”

அவ்வளவுதான். மறுநாள் சத்துணவு வரிசையில்கூட “சாம்பாரு, சாதம்... மொதலச்சு!” என்று ஒரே கூச்சல்.

எனக்கு வயிறு எரிந்தது. நானும் அதே ட்ரெயினிங்தானே படித்தேன்? எனக்கு ஏன் தோன்றவில்லை?

நேராக ஹெச்.எம்.மிடம் போனேன். “கப்பு தமிழ் வார்த்தையா சார்? பரீட்சையில அச்சு கிச்சுன்னு எழுதி வச்சா யாரு பதில் சொல்றது?”

ஹெச்.எம். ஜமீலா டீச்சரைக் கூப்பிட்டு, கப்பெல்லாம் வேண்டாம் என்றார். அவர் கப்புகளை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். யார் போட்டுக்கொடுத்தது என்று விசாரிக்கவே இல்லை.

அடுத்த மாதம் இன்ஸ்பெக்‌ஷன். அதிகாரி என் கிளாசில் நின்று, “மோனைன்னா என்ன?” என்றார்.

யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் செல்வி எழுந்தாள்.

“மொதலச்சு சார்! மொத எழுத்து ஒரே அச்சுல வரணும். சாம்பாரு, சாதம்!”

அதிகாரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “யாரும்மா சொல்லிக் குடுத்தது?”

“டீச்சர் சார்.”

அவர் என் பக்கம் திரும்பிக் கை தட்டினார். நோட்டில் என் பெயரைப் போட்டு ‘மிக நன்று’ என்று எழுதினார்.

நான் பேசாமல் நின்றேன். தட்டிக்கு அந்தப் பக்கமும் சத்தமில்லை. எல்லாம் கேட்டிருக்கும்.

சாயங்காலம் கருவேப்பிலங்குறிச்சி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது ஜமீலா டீச்சர் சொன்னார், “ஒங்க புள்ளைங்க ஜோரா சொன்னாங்க டீச்சர். போயிட்டு வரேன்.”

குத்தலே இல்லை. அதற்கும் பொறாமைப்பட்டேன்.

அதன் பிறகு எத்தனை வருஷம் பக்கத்துப் பக்கத்தில் வேலை பார்த்தோம்... ஒரு நாளும் அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை.

அந்த அதிகாரி எங்கே இருக்கிறாரோ. இதைப் படித்தால்...

சார், செல்வி சொன்ன டீச்சர் நான் இல்லை.

போயிட்டு வாங்க, டீச்சர்.