இறப்புப் பதிவேட்டில் என் பெயர்

தெல்தோட்டைப் பக்கம் நான் பிறந்த தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியை இடிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், அங்கே கிடந்த பழைய பிறப்பு, இறப்புப் பதிவேடுகளைப் படமெடுக்க அனுமதி வாங்கினேன். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்கத் தெரியாத ஆள் நான். எடுத்த பக்கங்களைத் தோட்டத்தாரின் வட்ஸ்அப் குழுவில் போடுவேன். இந்தியாவுக்குப் போய்விட்ட குடும்பத்துப் பிள்ளைகள், "எங்க தாத்தா பேரு கெடைச்சிருச்சுங்க டீச்சர்" என்று குரல் பதிவு அனுப்புவார்கள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியாது.

ஒரு செவ்வாய்க்கிழமை இறப்புப் பதிவேட்டில் என் பெயர் இருந்தது. அப்பா பெயர், அம்மா பெயர், லயத்து வீட்டு இலக்கம் எல்லாம் எங்களுடையவை. வயது ஐந்து மாதம். காய்ச்சல். பிறப்புப் பதிவேட்டைப் புரட்டினேன். என் பிறந்த நாளில் என் பிறப்பும் ஒழுங்காக இருந்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் பிறந்ததாகப் பதிவே இல்லை. ஆக, நான் பிறந்து ஐந்தே மாதத்தில் செத்துப் போயிருக்கிறேன். பிறகு பஸ் ஏறிக் கண்டி வீட்டுக்கு வந்தேன்.

அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். பதிவேட்டில் பார்த்ததைச் சொன்னேன்.

"அது ஒன் அக்கா," என்றார், நிமிராமல். "அவ போயி ரெண்டு வருசமோ மூணு வருசமோ, நீ பொறந்த. திரும்பப் பதிய யாரு அலையிறது? அவ பொறப்புப் பத்திரந்தான் வீட்டுல இருந்துச்சே. பேரும் அதையே வச்சோம்."

"அப்ப நான் எப்பம்மா பொறந்தேன்?"

"தேயிலைய கவ்வாத்து வெட்டுன நேரம். நல்ல மழ."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. எந்த வருஷத்து மழை? அப்படியானால் இரண்டு மூன்று வருஷம் முந்தியே ஓய்வு பெற்றுவிட்டேனா? கலியாணத்துக்கு யாருடைய சாதகத்தைப் பார்த்தார்கள்? என் அடையாள அட்டையில் இருப்பது யார்?

மூன்று நாளாக அந்தப் பக்கத்தைக் குழுவில் போடவில்லை. போட்டால் என் பத்திரம் என்னுடையதல்ல என்று ஊருக்கே தெரியும். ஆனால் கோத்தகிரியிலிருந்து ஒரு பெண் மாதக்கணக்காகத் தேடிய அவளது பாட்டனார் பெயரும் அதே பக்கத்தில்தான் இருந்தது. அடுத்தவர் வீட்டுச் சாவையெல்லாம் கூசாமல் படம் போட்டவள், என் வீட்டுச் சாவு வந்ததும் முழித்தேன்.

"நம்ம வரிய மட்டும் வெட்டிட்டுப் போட்றட்டாம்மா?" என்று கேட்டேன்.

அம்மா கதிரையை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது. "அவ பேரு எங்கிட்டு இருக்கு, காட்டு," என்றார். போனில் பெரிதாக்கிக் காட்டினேன். அதன்மேல் விரலை வைத்தார்.

"வெட்டிறாத புள்ள. அவளுக்குன்னு ஒரு படங்கூட இல்ல. இருந்த பேரையும் ஒனக்குக் குடுத்துட்டேன்."

பக்கத்தை முழுசாகவே போட்டேன். மறுபடி அந்த வரியைப் பெரிதாக்கிக் கொடுத்தேன்; அம்மா அதன்மேல் விரலை வைத்தார். மெதுவாக அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். என்னை இல்லை என்று தெரிந்தும் "என்னம்மா" என்று வாய் வரை வந்துவிட்டது.