வெட்டச் சொன்ன ஒன்றரை நொடி

எண்பத்து மூன்றாம் வருடத்து ஐப்பசி. ஆரணியில் நல்ல மழை. நான் வேலூரில் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. எனக்கு அப்போது ஒரே பைத்தியம், நான்கு பேர் கொண்ட ஓர் ஆங்கில ராக் குழு. பெயர் எதற்கு, உலகத்துக்கே தெரிந்தவர்கள்தான்.

இசைத்தட்டில் மூன்று நிமிடம் ஓடும் அவர்கள் பாட்டு, மேடையில் பன்னிரண்டு நிமிடம் ஓடுமாம். இன்று பாடியதுபோல் நாளை பாட மாட்டார்களாம். ஒருவர் மேடையிலேயே பாட்டை மாற்றினால் மற்ற மூவருக்கும் எப்படித் தெரியும்? இந்தக் கேள்வி என்னைக் குடைந்துகொண்டே இருந்தது.

பதில் என் வகுப்பு நண்பனிடம் இருந்தது. லண்டனில் வேலை பார்க்கும் அவன் அண்ணன், அந்தக் குழு நான்கு வருடம் முன்பு இங்கிலாந்தில் கடைசியாகப் பொதுமேடை ஏறிய கச்சேரிக்குப் போயிருந்தார். மடியில் ரெக்கார்டரை மறைத்துப் பதிவு செய்து தம்பிக்கு அனுப்பியிருந்தார். அந்தக் கேசட்டுக்கு இன்னொரு பிரதி கிடையாது.

"திங்கக்கெழம கைக்கு வந்துடணும். பத்திரம்டா" என்று கொடுத்தான்.

சனிக்கிழமை ஆரணி வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். பாட்டு வேறு பக்கம் திரும்பப்போகும் இடத்தில் டிரம்ஸ்காரர் ஓர் அடி கூடுதலாகத் தட்டுகிறார்! கிடார் ஒரு கணம் தடுமாறி, பிடித்துக்கொள்கிறது. அந்த அடிதான் மற்றவர்களுக்குச் சைகை, கண்டுபிடித்துவிட்டேன் என்று துள்ளினேன். கடைசிப் பாட்டு முடிந்தது. அதே நொடியில் 'கர்ர்' என்று நாடா உள்ளே சுற்றிக்கொண்டது. பதறி இழுத்தேன். அறுந்துவிட்டது.

இரண்டு வீடு தள்ளியிருந்த அக்காவிடம் ஓடினேன். தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு நூலோடு புதுப் பாவு நூலை இழை இழையாகப் பிணைத்துத் தருவது அவருக்குத் தொழில். தலைமுடியைவிட மெல்லிய பட்டிழை அவர் விரலுக்குள் நொடியில் சேர்ந்துவிடும்.

"இதுல எது மொகம், எது முதுகு?" என்றார்.

"மினுக்குற பக்கம்தான் முகம்" என்றேன். சேலைக்கு அப்படித்தானே?

முகம் கெடக் கூடாது என்று, மங்கலான பக்கத்தில் செல்லோ டேப் ஒட்டத் தயாரானார். அறுந்த முனையில் நான்கு விரற்கடை நாடா கசங்கியிருந்தது.

"அத வெட்டிடுங்கக்கா."

"இதுல இன்னா கீதுன்னு கேட்டியா?"

"வெறும் கைத்தட்டல்க்கா. ஜல்தியா ஒட்டுங்க."

"நல்லா பேஜார் பண்ற தம்பி" என்று வெட்டினார். ஆனால் தூக்கி எறியவில்லை. பட்டுக் கழிவு ஒரு துண்டைக்கூடக் குப்பையில் போடாத கை அது. கசங்கல் தீப்பெட்டிக்குள் போனது.

திங்களன்று ஒன்றும் சொல்லாமல் கேசட்டை நீட்டினேன். சாயங்காலம் அவன் அறையில் என் முன்னாலேயே போட்டுக் கேட்டான். கடைசிப் பாட்டு முடிந்ததும் ஒரு கரகரப்பு, பிறகு கைத்தட்டல். அவன் முகம் மாறியது. நிறுத்தி, திரும்பக் கேட்டான்.

"இங்கதாண்டா எங்கண்ணன் பேசுவான். 'அவ்ளோதாண்டா'ன்னு எனக்கே சொல்றா மாதிரி சொல்லுவான். நாலு வருஷமா ஊருக்கு வரல. அவன் குரலுன்னு என்கிட்ட இருக்கிறதே இது ஒண்ணுதான்."

எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கேசட்டை வெளிச்சத்தில் பார்த்தான்.

"மங்கின பக்கம்தாண்டா பாடும். அது மேலேயே ஒட்டி வச்சிருக்கீங்க." பிறகு மெல்லக் கேட்டான். "வெட்டினது எங்க?"

மறுநாள் வகுப்பை விட்டுவிட்டு இருவரும் ஆரணிக்குப் பஸ் ஏறினோம். தீப்பெட்டி இன்னும் இருக்குமா என்பதே வழியெல்லாம் என் யோசனை.

இருந்தது. அக்கா பழைய ஒட்டை நகத்தால் உரித்து, சுத்தமாகத் துடைத்தார். கசங்கலை நீவி நடுவில் வைத்து, இந்த முறை மினுக்குற பக்கத்தில் இரண்டு இடம் ஒட்டினார். என்னைப் பார்த்து, "உன்ன ஒண்ணும் கேக்கல. நீ கம்முனு குந்து" என்றார்.

போட்டோம். பாட்டு முடிந்தது. கொஞ்சம் நடுங்கினாற்போல், ஆனால் தெளிவாக, ஒரு குரல்: "அவ்ளோதாண்டா." பிறகு இடி மாதிரிக் கைத்தட்டல்.

"அய்ய, அம்மாங் கூட்டத்துல நம்ம ஊரு ஆளு பேசிகினு கீறாரு!" என்று அக்கா சிரித்தார். நண்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு வாட்டி போடுங்கக்கா" என்றான்.

நான் கேட்டுக்கூடப் பார்க்காமல் 'வெறும் கைத்தட்டல்' என்று வெட்டச் சொன்ன இடத்தில் ஒருவனுடைய அண்ணன் இருந்தார். அதற்குப் பிறகு எதையும் 'வெறும்' என்று சொல்ல எனக்கு அவ்வளவு சுலபமாக நாக்கு எழுவதில்லை.