சொன்னதை மட்டும் எழுதியவர்

அந்த அம்மாவை நினைத்தால் முதலில் வருவது சுவரோரம் தனியாகப் போட்டிருந்த அவருடைய நாற்காலிதான். கிரிவலப் பாதைக் கடைகளை எங்கே வைப்பது என்று விதி வகுக்க, ஊர்க்காரர்களைக் கொண்டு ஒரு குழு அமைத்திருந்தார்கள். கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற என்னைத் தலைவராக்கினார்கள். வணிகர், விடுதிக்காரர், குடியிருப்போர், கோயில் குருக்கள் குடும்பத்திலிருந்து ஒருவர் என்று எல்லோரும் ஒரே மேஜையைச் சுற்றி உட்காருவோம். கூட்டக் குறிப்பு எழுத வந்த அந்த அம்மா மட்டும் மேஜைக்கு வரமாட்டார். குழுவுக்கு ஒரே ஒரு நிபந்தனைதான் இருந்தது. எல்லோரும் ஒப்புக்கொண்டால்தான் முடிவு; ஒருவர் மறுத்தாலும் அது முடிவாகாது.

முதல் கூட்டத்துக்கு முன்பே அவர் என்னிடம் வந்து சொல்லிவிட்டார். "எங்க தம்பிக்கு அந்தப் பாதையில இளநீர்க் கடை இருக்குதுங்க சார். வேற ஆள வச்சிக்கிறதுன்னா வச்சிக்குங்க." உறுப்பினர்களிடம் கேட்டேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதன்பிறகு அவர் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்து, அப்படிக் கேட்டதற்கே எனக்கு வெட்கமாகிவிட்டது. கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில்தான் வருவார். அந்தப் பக்கம் போகும் விடுதிக்காரர் காரில் ஏறச் சொன்னாலும் ஏறமாட்டார். வணிகர்கள் வாங்கித் தரும் டீயையும் தொடமாட்டார். ஒருநாள் வாதம் முற்றி, குடியிருப்போர் தரப்புப் பெரியவர் அவர் பக்கம் திரும்பி, நீங்களே சொல்லுங்கம்மா என்றார். "நான் நினைக்கிறத இங்க யாரும் கேக்கக் கூடாதுங்க" என்று சொல்லிவிட்டு எழுதுவதைத் தொடர்ந்தார். யார் கோபமாகப் பேசினாலும், யார் நயமாகப் பேசினாலும் அவர் குறிப்பில் எல்லோருக்கும் ஒரே அளவு இடம்தான். அடுத்த கூட்டத்தில் அதை வாசிக்கும்போது, தான் பேசியது இவ்வளவு தெளிவாகவா இருந்தது என்று ஒவ்வொருவரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். சண்டைக்காரர்கள் மெல்ல மெல்ல ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்க ஆரம்பித்ததற்கு நான் காரணமில்லை, அந்தக் குறிப்புகள்தான்.

கடைசிக் கூட்டம் கார்த்திகை தீபத்துக்குச் சில வாரங்களே இருக்கும்போது நடந்தது. பாதையோரக் கடைகளைச் செங்கம் சாலைக்கு அப்பால் ஒரு காலி இடத்துக்கு மாற்றுவது என்பது வரைவு. யாருக்காவது மறுப்பு உண்டா என்று கேட்டேன். வணிகர் தரப்பில் வந்திருந்த பூக்கடைக்காரர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுபடி கேட்டேன். வாய் திறக்கவில்லை. தீபத்துக்குப் பக்தர்கள் அலைமோதப் போகிறார்களே என்ற அவசரத்தில், சரி, முடிந்தது என்று நான் எழுந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் அந்த அம்மா கொண்டுவந்த குறிப்பின் கடைசி வரி இது: 'வணிகர் சார்பில் வந்தவர் பதில் சொல்லவில்லை.' அதை எடுத்துவிட்டு, அனைவரும் ஒருமனதாக ஏற்றனர் என்று போடச் சொன்னேன்.

"அவரு சரின்னு சொல்லலைங்க சார். வேணாம்னும் சொல்லல. சொன்னத மட்டும்தான் நான் எழுத முடியும்."

நான் கேட்டேன்: "தம்பிக்காக எழுதறீங்களா?"

அவர் தாளை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அதற்குப்பின் குழுவின் மிச்ச வேலைக்கு வரவில்லை. அத்தனை மாதமும் அவர் யார் பக்கமும் சாயாமல் இருந்ததைப் போற்றியவன் நான். என் பக்கம் சாயவில்லை என்றதும் அவர் மேலேயே பழி போட்டேன். அந்த வரியை நானே மாற்றித் தட்டச்சு செய்ய வைத்தேன். கீழே 'குறிப்பு தயாரித்தவர்' என்ற இடத்தில் அவர் பெயர் அப்படியே இருந்தது. எடுக்கத் தோன்றவில்லை. கடைகள் போயின. கிரிவலம் வருகிறவர்கள் யாரும் அந்தப் புது இடத்தைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்று கேள்விப்பட்டேன். ஒரு தடவை அவரை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே இரண்டு வருடம் ஓடிவிட்டது.

போன ஆவணியில் அவர் நெஞ்சுவலியில் இறந்துபோனார். காரியத்துக்குக் கீழ்பென்னாத்தூர் போனேன். பந்தலில் ஓர் ஓரமாக நின்றிருந்த தம்பி, இப்போது ஷேர் ஆட்டோ ஓட்டுவதாகச் சொன்னார். நான் யார் என்று தெரிந்ததும் அவர் முகம் இறுகியது. "எங்க அக்கா கையாலயே எழுதிக் குடுத்துட்டாங்க சார். ஒருமனதானு. நகலு பாத்தேன், பேரு போட்டிருந்துச்சு."

அது அவர் எழுதியதில்லை, மறுத்துவிட்டுப் போனார், மாற்றியது நான் என்று சொன்னேன். அக்கா அவரிடம் ஒரு வார்த்தையும் சொன்னதில்லையாம். அந்த அறையில் நடந்தது அறையோடு இருக்க வேண்டும் என்று நினைத்திருப்பார். தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்வதும் ஒரு பக்கம் சாய்வதுதான் என்று நினைத்தாரோ என்னவோ.

தம்பி என்னைப் பார்க்காமலே சொன்னார். "அக்கா நாலு தடவ எங்க வூட்டுக்கு வந்தாங்க சார். உள்ள இருந்துகினே இல்லைனு சொல்லச் சொன்னேன்."