வலிக்குமோ என்று கேட்டார்கள்

மூணாறு பக்கம் சித்திரபுரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் நான். ஊரில் யாருக்கு என்ன நோய் என்பது டாக்டர்களுக்குத் தெரியுமோ தெரியாதோ, எனக்குத் தெரியும். எல்லா ரிப்போர்ட்டும் மூன்று காப்பி எடுக்க என்னிடம்தான் வந்தாக வேண்டும். மனு எழுதித் தருவதும் நானே. தமிழ், மலையாளம் இரண்டிலும் பிழையில்லாமல் எழுதுகிறவன் என்று எனக்கு ஒரு மிதப்பு உண்டு. சுவக்கீன் அண்ணனின் கதையைச் சொல்ல வந்து என் பெருமையைச் சொல்கிறேனே என்று பார்க்காதீர்கள், அது இறங்கியதும் இந்தக் கதையில்தான்.

அண்ணன் எஸ்டேட் பாக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி செபமாலையக்கா முப்பத்தோரு வருஷம் கொழுந்து பறித்தவர். வேலை முடிந்த பிறகும் அவருடைய இடுப்பு மட்டும் கூடையை இறக்கி வைக்கவில்லை. பன்னிரண்டு வருஷ வலி. உட்கார்ந்தால் பத்து நிமிஷம், நின்றால் கால் மணி நேரம், அதற்கு மேல் தாங்காது. ஒரு காலத்தில் உட்கார்ந்த இடத்துக்குத் தண்ணீர் வரவழைத்துக் குடித்த அண்ணன், இப்போது சோறு வடிக்கிறார், துணி துவைக்கிறார், அக்காவின் காலுக்குத் தைலம் தேய்த்துவிடுகிறார். டீக்கடையில் பெண்டாட்டிதாசன் என்று கேலி செய்தால், "ஆமாலே, வேற யாருக்கு தாசனா இருக்கச் சொல்லுத?" என்று டீயை வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

மகன் ஷிஜு திருப்பூரில் வேலை செய்கிறான். அப்பா அம்மா இருவருக்கும் இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தான். புகைப் பழக்கம் உண்டா என்ற கேள்விக்கு இருவருக்கும் இல்லை என்று எழுதினான். அக்கா விஷயத்தில் அது சத்தியம். அண்ணன் விஷயத்தில் அண்டப்புளுகு, முப்பது வருஷம் ஒரு நாளைக்கு ஒரு கட்டு பீடி குடித்த மனுஷன். அந்தப் புளுகைக் கம்பெனி இன்று வரை சந்தேகப்பட்டதில்லை. சத்தியத்தைத்தான் பிடித்துக்கொண்டது.

நடந்தது இதுதான். இடுப்பில் தட்டு விலகி நரம்பை நெரிக்கிறது, ஆபரேஷன் செய்தால் வலி போகும் என்று எறணாகுளத்தில் ஒரு டாக்டர் சொன்னார். அட்மிட் ஆன அன்று அண்ணன் இன்ஷூரன்ஸ் கவுண்டர் வரிசையில் நின்றிருந்தார். வார்டில் ஆன்மேரி என்ற நர்ஸ், வயநாட்டுப் பெண், அக்காவிடம் குறிப்பு எடுத்தாள்.

"அம்மச்சி, வலிக்குமோ?"

மலையாளத்தில் நம் வலிக்கு வேதன என்று பெயர். வலிக்குமோ என்றால் பீடி சிகரெட் பிடிப்பீர்களா என்று அர்த்தம். அக்காவுக்கும் வேதன தெரியும். ஆனால் வலி என்ற சொல் காதில் விழுந்ததும், பாவம் இந்தப் பெண் நமக்காகத் தமிழில் கேட்கிறாளே என்று நெஞ்சு குளிர்ந்துவிட்டது.

"வலிக்கும் பிள்ள. ரொம்ப வலிக்கும்."

"எத்ர வர்ஷமாயி?"

"பன்னெண்டு வருசம்."

"எல்லா திவசவும் உண்டோ?"

"தினமுந்தான். காலைல கண்ணு முழிச்சதும் தொடங்கிரும்."

ஆன்மேரி தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "இது நிர்த்தணம் கேட்டோ, அம்மச்சி" என்றாளாம்.

"நிறுத்தத்தானே பிள்ள இம்புட்டுத் தூரம் வந்திருக்கேன்" என்று அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாராம்.

மூன்றாம் நாள் இன்ஷூரன்ஸ் அனுமதி மறுக்கப்பட்டது. பன்னிரண்டு வருஷப் புகைப் பழக்கத்தை மறைத்து பாலிசி எடுத்திருக்கிறீர்கள் என்றார்கள். மாத்திரைச் சீட்டோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காப்பி எடுக்க வந்த காகிதத்தில் அந்த வரியை நான்தான் அண்ணனுக்குப் படித்துச் சொன்னேன். மாதா சபைத் தலைவியாக இருந்தவர் செபமாலையக்கா. பீடி நாற்றத்துக்காகப் புருஷனை முற்றத்தில் நிறுத்தி வைத்தவர். அன்று அவர் அழுதது இடுப்புக்காக அல்ல, மானத்துக்காக.

நர்ஸ் கேட்டதை அக்கா வாயால் கேட்டறிந்து, சொல் மாறிப்போன கதையை விளக்கி நான் மனு எழுதினேன். நோயாளி தன் வாயால் சொன்னதைத் திருத்த முடியாது என்றது ஆஸ்பத்திரி. பங்குச் சாமியாரிடம் கடிதம் வாங்கி இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பினோம். அவர் அக்காவை நற்குணவதி என்று எழுதியிருந்தார். நற்குணத்துக்கும் புகையிலைக்கும் தொடர்பு காட்டப்படவில்லை என்று பதில் வந்தது. நான்காவது மனுவுக்கு மனம் இரங்கி, நோயாளியை எறணாகுளம் ஆபீஸுக்கு நேரில் கூட்டி வாருங்கள் என்றார்கள். பீடி குடிக்காதவர் என்பதை நிரூபிக்க, உட்கார முடியாதவர் ஐந்து மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து போக வேண்டும்.

அப்போதுதான் என் மேதாவித்தனம் வேலை செய்தது. "அண்ணே, அங்கயும் அதே கேள்விதான் கேப்பாங்க. அக்காவத் தயார் பண்ணுங்க. வலிக்குமான்னு எவன் கேட்டாலும் ஒரே பதில், இல்ல" என்றேன்.

அண்ணன் பத்து நாள் பாடம் நடத்தினார். சோறு போடும்போது, "வலிக்குமோ?" தைலம் தேய்க்கும்போது, "வலிக்குமோ?" முதல் இரண்டு நாள் அக்காவுக்கு வாய் தவறியது. அப்புறம் தூக்கத்தில் கேட்டாலும் இல்லை என்று சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டார். நான்கூடப் பரீட்சை வைத்துப் பார்த்துப் பாராட்டினேன்.

கம்பெனி ஆபீஸில் எங்களை விசாரித்தவர் டாக்டர் ஜோஸ். நல்ல மனுஷன். அக்காவைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார்.

"அம்மச்சி வலிக்குமோ?"

"இல்ல."

"முன்பு எப்பொழெங்கிலும்?"

"ஒருக்காலும் இல்ல."

ஜோஸ் சிரித்தார். புகைப் பழக்கம் என்ற வரியைப் பேனாவால் அடித்தார். அண்ணன் என் தொடையைக் கிள்ளினார். ஆபரேஷன் நடந்துவிட்ட மாதிரிதான் எனக்கும் இருந்தது. ஜோஸ் கோயம்புத்தூரில் படித்தவராம். அக்காவைச் சந்தோஷப்படுத்த நினைத்தோ என்னவோ, நல்ல தமிழுக்கு மாறினார்.

"சரிம்மா. இப்ப இடுப்பு ரொம்ப வலிக்குதா?"

"இல்ல."

"நடந்தா வலிக்குதா?"

"இல்லங்கய்யா. ஒருநாளும் வலிச்சதில்ல."

அண்ணன் நாற்காலியிலிருந்து குதித்தார். "சார், தப்பாச் சொல்லுதா! அவளுக்கு வலிக்கும் சார்!" என்று கத்தினார். அந்த அறையில் இருந்த இரண்டு மொழிகளிலும் அந்த வாக்கியம் எங்களை வில்லங்கத்தில்தான் விட்டது: மலையாளத்தில் அக்கா பீடிக்காரி, தமிழில் பொய்க்காரி. நான் எழுந்து இலக்கணம் விளக்க ஆரம்பித்தேன். ஜோஸ் வருத்தத்தோடு கேட்டுக்கொண்டார். நோயாளி சொன்னதை மட்டும்தான் எழுதலாம், புருஷன் சொல்வதற்குப் படிவத்தில் இடம் இல்லை என்றார். புகைப் பழக்கம் இல்லை, வலியும் இல்லை, ஆகவே ஆபரேஷன் தேவையில்லை என்று முடித்தார்.

பஸ் ஸ்டாண்டில் அக்கா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு யார் முகத்தையும் பார்க்கத் தைரியமில்லை. அண்ணனுக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"பீடிக்குத்தானேட்டி இல்லன்னு சொல்லச் சொன்னேன்? இடுப்பக் கேட்டா உண்மையச் சொல்ல வேண்டாமா?"

"எனக்கென்ன தெரியும்? வலிக்குதான்னு கேட்டாரு. இல்லன்னு வாயில வந்துட்டு."

"அதெப்பிடி வரும்?"

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க பத்து நாள்தான் பழக்கினீங்க. கூடை தூக்குன காலத்துல, கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு வேலைக்குப் போன காலத்துல, நீங்களும் கேப்பீங்க, வலிக்குதாட்டின்னு. இல்லன்னுவேன். அப்பிடியான்னு பீடியப் பத்த வச்சுக்கிட்டுப் போயிருவீங்க. நீங்களே நம்புனீங்க. அந்த டாக்டரு நம்பினதுல என்ன தப்பு?"

மூணாறு பஸ் வந்ததும் அண்ணன் முண்டியடித்து ஏறி ஒரு நீள சீட்டைப் பிடித்து அக்காவைப் படுக்க வைத்தார். ஏறியவர்கள் முறைத்தார்கள். அவர் கம்பியைப் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றார். நேரியமங்கலம் பாலம் தாண்டியதும் குனிந்து, அக்காவையும் என்னையும் தவிர யாருக்கும் கேட்காத குரலில், "வலிக்குதாட்டி?" என்றார்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆமாங்க" என்றார். "ரொம்ப."

பஸ்ஸில் அத்தனை பேரும் பார்க்க, அந்த மனுஷன் நின்றபடியே அழுதார்.